சம்பளம் கொஞ்சம் கூடிய மாதம்

முதல் தடவை சட்டமன்றக் குழு முன்னால் போனபோது எங்கள் மனுவில் 11 கோரிக்கைகள். ஏழைக் குடும்பங்களைக் காக்க வேண்டும், உதவித்தொகையை உயர்த்த வேண்டும், இப்படி. உறுப்பினர்கள் தலையாட்டினார்கள், "பரிசீலிக்கிறோம்" என்றார்கள். மனு எந்த அலமாரிக்குப் போனதோ.

இரண்டாம் தடவை ஒன்றே ஒன்றுதான் கேட்டோம்: ஒரு குடும்பத்துக்குத் தரும் அரசு உதவியை நிறுத்துவதற்கு 30 நாள் முன்பே எழுத்தில் சொல்லுங்கள், பதில் சொல்ல அவகாசம் கொடுங்கள். கூட ஓர் அம்மா வந்தார். இரவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்பவர், இரண்டு பிள்ளைகள். உடன் வேலை பார்ப்பவர் உடம்பு முடியாமல் லீவு போட்டதால், ஒரு மாதம் இவர் கூடுதல் ஷிஃப்ட் பார்த்தார். அந்த மாதச் சம்பளம் வருமான வரம்பைத் தாண்டிவிட்டது. வாடகை உதவி நின்றது. நின்றுவிட்டது என்று சொல்லும் கடிதம் மூன்று வாரம் கழித்து வந்தது.

சம்பளச் சீட்டுகளை மாத வரிசையில் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தார். ஓர் உறுப்பினர், "வருமானம் கூடும் என்று முன்னாடியே தெரிவித்திருக்கலாமே அம்மா?" என்றார்.

"எவ்வளவு வரும்னு எனக்கே மாசக் கடைசியிலதான் ஐயா தெரியும்."

கேட்டவர் கவரை வாங்கி ஒவ்வொன்றாகப் புரட்டினார். 12 சீட்டிலும் வேறு வேறு தொகை.

அப்போதுதான் ஆஸ்திரேலியாவின் 'ரோபோடெட்' கதையைச் சொன்னேன். வருடச் சம்பளத்தை 26 இருவாரங்களுக்குச் சமமாகப் பங்குபோட்டு, "உதவித்தொகையைக் கூடுதலாக வாங்கிவிட்டாய், திருப்பிக் கட்டு" என்று கணினி வழியாகவே நோட்டீஸ் அனுப்பிய திட்டம். வருமானம் ஒரு சீராக வராதவர்கள்தான் அதில் மாட்டினார்கள். 2020-ல் சுமார் 4,70,000 கடன்களுக்கு வசூலித்த பணத்தைத் திருப்பித் தருவதாக அரசே அறிவிக்க வேண்டியதாயிற்று. இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லியிருந்தால் கொட்டாவி விட்டிருப்பார்கள். சீட்டுகளைப் பார்த்த பிறகு சொன்னதால் இரண்டு பேர் குறித்துக்கொண்டார்கள்.

ஒரு தப்பும் செய்தேன். என்னவெல்லாம் கேட்பார்கள் என்று அந்த அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லவில்லை. கணவர் எங்கே என்று ஒருவர் கேட்டுவிட்டார். அம்மாவின் முகம் சுண்டிப்போனது. இப்போதெல்லாம் யாரை அழைத்துப் போனாலும், எதைப் பேசக் கூடாது என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கேள்வி வந்தால் சமாளிப்பது என் வேலை.

30 நாள் கேட்டோம், 14 கிடைத்தது.

*

மேலே எழுதியவர் வேறு, நான் வேறு. நான் உதவி வழங்கும் அலுவலகத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஊழியன். கணினித் திரையில் ஒரு பெயர் சிவப்பாகி உதவி நின்றுவிட்டால் அதை மாற்ற எனக்கு அதிகாரம் கிடையாது. கையெழுத்து விட்டுப்போன படிவத்துக்கும் பொய்க் கணக்குக்கும் அதே சிவப்புதான். நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவியில் சின்னத் தவறு செய்த பெற்றோரிடம்கூட முழுத் தொகையையும் திருப்பிக் கேட்டார்கள்; அந்த விவகாரத்தில் 2021 ஜனவரியில் அமைச்சரவையே பதவி விலகியது.

மனு எழுதுபவர்கள் தயவுசெய்து ஊழியரைத் திட்டி எழுதாதீர்கள். "தவறைத் திருத்திக் கொடுக்கும் வரை உதவி தொடரும்" என்று விதியில் ஒரு வரி கேளுங்கள். அது இல்லாததால்தான், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற ஒருவரிடம், "மேலிடத்தில் கேளுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன்.

"அது எந்த மாடி சார்?" என்று கேட்டார்.