குளிச்ச தண்ணியும் ஏனம் கழுவுன தண்ணியும் குழில இறங்க மாட்டேங்கு, நாத்தம் தாங்கல, உதவி பண்ணுங்க

சாஸ்தா கோவில் பேரன், காலை 6.40
அண்ணாச்சிமாரே அவசரம். பங்குனி உத்திரத்துக்கு வந்து தாத்தா தோட்டத்துல டென்ட் போட்டுத் தங்கியிருக்கோம், கரண்டும் கெடையாது சாக்கடையும் கெடையாது, குளிக்குத தண்ணியும் ஏனம் கழுவுத தண்ணியும் போக ஒரு குழி வெட்டுனோம், இப்ப ரொம்பி அப்படியே நிக்கி, ஒரே நாத்தம், நேத்து ராத்திரி பன்னி வந்து சுத்தி கிளறிப் போட்டுட்டு போயிட்டு. சின்னப் புள்ளைக இருக்கு. பிளீச்சிங் பவுடர் போட்டா சரியாயிருமா?

கடனாநதிக்காரன்
எந்த ஊரு? எத்தனை பேரு, எத்தனை நாளாச்சு? குழி எவ்வளவு ஆழம்? கிணறு பக்கத்துல இருக்கா?

தேரிக்காட்டான்
குழியே வேண்டாம் தம்பி. எங்க திசையன்விளைப் பக்கம் தேரிச் செம்மணல்ல ஒரு அண்டாத் தண்ணியைக் கவுத்தாலும் கண்ணு முன்னால உறிஞ்சிரும். வெறுந்தரையில ஊத்திட்டு வேலையைப் பாருங்க.

மேஸ்திரி
தேரி மணலும் மலையடி மண்ணும் ஒண்ணாவே? இங்க எத்தனை தரம் சொல்லியாச்சு, மண்ணு என்னன்னு சொல்லாம கேள்வி கேக்காதீயன்னு. பிளீச்சிங் போட்டா அழுக்கைத் தின்னுத மண்ணுக் கிருமியும் சேந்து செத்துரும், அது கூடவா தெரியாது.

அம்பை அக்கா
வாழை மூட்டுல விடுங்கப்பா. சோப்பை நிப்பாட்டிட்டு பூந்திக்கொட்டையும் சீயக்காயும் போடுங்க, ஒரு கெடுதலும் வராது.

கடனாநதிக்காரன்
அக்கா, பூந்திக்கொட்டை மண்ணுக்குள்ள போனா சரி, ஓடைக்குப் போச்சுன்னா மீன் செத்து மெதக்கும். அந்த நுரைய வரவைக்குத சத்துதான் மீனுக்கு விஷம்.

அம்பை அக்கா
எங்க ஆச்சி காலத்துல இருந்து ஆத்துல சீயக்காய் தேச்சுத்தான் குளிச்சோம், மீன் இல்லாமலா போச்சு?

கடனாநதிக்காரன்
அன்னைக்கு ஆத்துல தண்ணி கரைபுரண்டு ஓடுச்சு, பங்குனில ஓடைல முழங்கால் தண்ணிதான கெடக்கும் அக்கா.

சாஸ்தா கோவில் பேரன், காலை 8.15
மன்னிக்கணும், அடுப்படில நின்னேன். கடையம் பக்கம். 9 பேரு, 3 நாளாச்சு. குழி 3க்கு 3, ஆழம் 4 அடி, அடில சுக்காம்பாறை தட்டிட்டு. ஓடை இருபது தப்படி தள்ளி, மாமா அதுல வாய்க்கா கிழிச்சு விட்ருவோம்ங்காரு.

மேஸ்திரி
இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்லா. அந்தக் குழி ஆயிரம் லிட்டர் கொள்ளும். 9 பேரு குளிச்சு ஏனம் கழுவுனா ஒரு நாளைக்கு முன்னூறு லிட்டருக்கு மேல வரும், மூணு நாள்ல ரொம்பிட்டுன்னா ஒரு சொட்டு இறங்கலன்னு அர்த்தம். கீழ பாறை, குழியோட பக்கவாட்டுல எண்ணெயும் சோப்பும் படிஞ்சு மெழுகுன மாதிரி அடைச்சிருக்கும், காத்துப் படாத தண்ணி ஒரு நாளைக்கு மேல நின்னா நாறத்தான் செய்யும். வேலை நடக்குறது மேல்மண்ணு ஒரு சாண்லதான், அதனால ஆழம் வேண்டாம், அரை அடி ஆழத்துக்கு நீளமா மூணு வாய்க்கா வெட்டி சருகு போட்டு ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு மாத்தி மாத்தி விடுங்க. ஏனத்தை மொதல்ல சாம்பலும் தேங்கா நாரும் வச்சு எண்ணெய் போகத் தொடைங்க, அந்தச் சாம்பலைத் தனியா புதைங்க, சோப்பு போடாத முதக் கழுவுத் தண்ணியை பழைய வேட்டில வடிகட்டி பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கழனித் தண்ணியாக் குடுத்துருங்க, பருக்கை இல்லாட்டி பன்னிக்கு அங்க வேலையே இல்ல.

கடனாநதிக்காரன்
ஓடைல மட்டும் விட்ராதீய தம்பி, மாமாகிட்ட நான் சொன்னேன்னே சொல்லுங்க. அது கடனாநதிக்குத்தான் போகும், திருப்புடைமருதூர்ல தாமிரபரணில சேந்துரும், கீழ எத்தனை ஊரு அந்தத் தண்ணியக் குடிக்கி. வாய்க்காலையும் ஓடை, கிணறு ரெண்டுல இருந்தும் 200 அடி தள்ளி வெட்டுங்க.

தேரிக்காட்டான்
மேஸ்திரி சொல்லுதது சரிதான், பாறைன்னு தெரியாம சொல்லிட்டேன்.

அம்பை அக்கா
சொரிமுத்தையன் கோவிலுக்கு ஆடி அமாவாசைக்குக் குடில் போட்டுத் தங்குதோம்லா, அங்கயும் காரையாறு ஓரத்துல இப்படித்தான் ஊத்துதாங்க. மனசு கெடந்து அடிச்சுக்கிடும். ஆனா பூந்திக்கொட்டை விஷம்னு மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன்.

சாஸ்தா கோவில் பேரன், மறுநாள் மதியம்
வாய்க்கா வெட்டியாச்சு, தண்ணி இறங்குது, ராத்திரி பன்னி வரல. மாமாவும் சரின்னுட்டாரு. பொங்கல் வைக்கப் போறோம், ரொம்ப நன்றி.

கடனாநதிக்காரன்
சந்தோசம். அந்தப் பழைய குழித் தண்ணியை என்ன செஞ்சிய? புள்ளைக ஓடியாடுத எடம், கோரி நிலத்துல பரவலாத் தெளிச்சுட்டு மண்ணைப் போட்டு மூடிட்டீயளா?