கேஸ் பாய்லருக்குப் பதில் ஹீட் பம்ப் போடலாமா?

எல்லோருக்கும் வணக்கம். வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லருக்கு வயதாகிவிட்டது. மாற்றுவதுதான் மாற்றுகிறோம், காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப்பே போட்டுவிடலாமா என்று யோசனை.

மிதமான குளிரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 3 யூனிட் வெப்பம்கூடக் கிடைக்கும், குளிர் ஏற ஏற அது குறையும் என்பது புரிகிறது. ஆனால் ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை எரிவாயுவைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் பில்லில் என்ன மிச்சமாகும்?

எனக்குப் பெரிய கவலை அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள்தான். இப்போது அவற்றில் 70 டிகிரித் தண்ணீர் ஓடுகிறது, தொட்டால் சுடும். ஹீட் பம்ப்புக்கோ 35 முதல் 45 டிகிரிதான் சிக்கனம்; அந்தச் சூட்டில் இதே ரேடியேட்டர்கள் குறைவான வெப்பமே தரும். பாய்லரையே 50 டிகிரிக்கு இறக்கி, கடுங்குளிரிலும் வீடு கதகதப்பாக இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னார் ஒரு நண்பர். நல்ல யோசனையாகத்தான் படுகிறது. அப்படிச் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டா? பழைய ரேடியேட்டரே போதுமா?

அப்புறம், விலை சொல்ல வந்தவர் அறை அறையாக வெப்ப இழப்பைக் கணக்கிடவே இல்லை. “பெரிய சைஸாகப் போட்டுடலாம் சார்” என்கிறார். தேவைக்கு மேல் பெரிதானால் நின்று நின்று ஓடி மின்சாரத்தைத் தின்னுமே!

ஹீட் பம்ப்பின் வெளிப்பெட்டியில் படியும் பனியை உருக்கும்போது சத்தம் எப்படி? பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னல் மிக அருகில். வெப்பம் வெளியேறாமல் கூரைக்கு இன்சுலேஷன் போட்டுவிட்டு அடுத்த வருடம் ஹீட் பம்ப் வாங்குவது மேலா? பயன்படுத்துகிறவர்கள் குளிர்கால பில்லோடு சொன்னால் பெரிய உதவி.