ஏசி கேஸ் கசிந்தால் அதையும் கார்பன் கணக்கில் சேர்க்கணுமா?

மஞ்சக்குப்பம்வாசி கேட்டது:
கடலூரில் நாலு பேர் குடும்பம். கரண்ட் பில்லில் 640 யூனிட். சிலிண்டர் 40 நாள் வரும். ரெண்டு ஸ்கூட்டருக்கும் சேர்த்து மாசம் 20 லிட்டர் பெட்ரோல். இணையத்தில் ஒரு கால்குலேட்டரில் இதைப் போட்டால் கரண்டுக்கு மட்டும் வருஷத்துக்கு ஐந்தரை டன் கரியமில வாயு காட்டுகிறது. சரியா? நெய்வேலி பக்கத்தில் இருப்பதால் நிலக்கரிக் கணக்கு கூடுமா? ஒவ்வொரு கோடையிலும் ஏசிக்கு கேஸ் நிரப்ப வேண்டியிருக்கிறது, அதைப் போட கட்டமே இல்லை. தெருமுனையில் குப்பை எரிக்கிறார்களே, அது யார் கணக்கு?

யூனிட்கணக்கு:
640 என்பது ரெண்டு மாச பில். மாசத்துக்கு என்று போட்டிருக்கிறீர்கள், அதான் இரட்டிப்பாகிவிட்டது. புதுச்சேரியில் மாசாமாசம் பில் வரும், தமிழ்நாட்டில் ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை. இந்த வட்டாரத்தில் இந்தத் தப்பு சகஜம்.

வருஷத்துக்கு 3,840 யூனிட். யூனிட்டுக்குச் சுமார் 0.72 கிலோ கரியமில வாயு என்று வைத்தால் 2,765 கிலோ. சிலிண்டர் வருஷத்துக்கு 9, ஒன்றில் 14.2 கிலோ கேஸ், ஒரு கிலோ எரிந்தால் சுமார் 3 கிலோ கரியமில வாயு, மொத்தம் 383. பெட்ரோல் 240 லிட்டர், லிட்டருக்கு 2.3 வீதம் 552. ஆக 3,700 கிலோ, தலைக்கு 925.

நெய்வேலிக்குத் தனிக் கணக்கு வேண்டாம். 2013 டிசம்பர் 31-ல் தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்ற தொகுப்போடு இணைந்துவிட்டது. நம் வீட்டு யூனிட் எந்த ஆலையில் இருந்து வந்தது என்று பிரிக்க முடியாது, தேசிய சராசரிதான் நியாயம்.

குளிர்பெட்டி:
ஏசி கேஸைக் கட்டாயம் சேருங்கள். அவுட்டோர் யூனிட் பக்கவாட்டு லேபிளில் ஆர்-32, ஆர்-410ஏ, ஆர்-22 என்று ஏதாவது ஒன்று இருக்கும், எத்தனை கிலோ என்றும் இருக்கும். கரியமில வாயுவோடு ஒப்பிட்டால் ஆர்-32 சுமார் 675 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும், ஆர்-22 1,810 மடங்கு, ஆர்-410ஏ 2,088 மடங்கு.

மஞ்சக்குப்பம்வாசி:
ஆர்-410ஏ தான். போன தடவை அரைக் கிலோ போட்டதாக எழுதிக் கொடுத்தார்கள். யூனிட் மொட்டைமாடியில், கடல் காற்று நேராக அடிக்கும் பக்கம்.

குளிர்பெட்டி:
அப்போ 1,044 கிலோ, உங்கள் பெட்ரோலைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. நிரப்பிய அளவுதான் கசிந்த அளவு. ஏசி கேஸ் தேய்ந்து தீரும் பொருள் இல்லை, ஓட்டை இருந்தால்தான் குறையும். வருஷா வருஷம் கேஸ் போடுவது பஞ்சர் ஒட்டாமல் காற்று மட்டும் அடிக்கிற கதை.

உப்புக்காற்றில் செப்புக் குழாயும் அலுமினியத் தகடும் தொடும் இடம் முதலில் அரிக்கும். தகட்டில் வெள்ளைப் பொடி, குழாய் வளைவில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கசிவு அங்கேதான். அடுத்து பிளேர் நட்டுகளை, அதாவது செப்புக் குழாயை யூனிட்டோடு இணைக்கும் மரைகளை, பாருங்கள். சோப்பு நுரை தடவினால் குமிழி வரும்.

மெக்கானிக்கிடம் இப்படிக் கேளுங்கள்: மீதி கேஸைக் காற்றில் விடாமல் ரெக்கவரி சிலிண்டரில் எடுக்கணும். நைட்ரஜன் ஏற்றி அரை மணி நேரமாவது பிரஷர் காட்டும் முள் இறங்காமல் நிற்கிறதா பார்க்கணும் (ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டவே கூடாது, கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும்). அப்புறம் வேக்குவம் பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கணும். கடைசியாக லேபிளில் உள்ள எடையைத் தராசில் வைத்து நிரப்பணும். பிரஷரை மட்டும் பார்த்துப் போட்டால் அளவு தப்பும், கரண்டும் கூடும்.

மாசம் ஒருமுறை அவுட்டோர் தகடுகளை, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஆசிட் கலந்த கிளீனர் வேண்டாம், தகடு இன்னும் சீக்கிரம் அரித்துப்போகும்.

புகைவேண்டாம்:
குப்பைப் புகையைக் கிலோவில் அளந்தால் சின்னதாகத் தெரியும், அதை நம்பி விட்டுவிடாதீர்கள். கார்பன் கணக்கு வேறு, மூச்சில் போகும் விஷம் வேறு. பழைய பிவிசி பைப், ஒயர் உறை எரிந்தால் அதிலுள்ள குளோரின் டையாக்சின் என்ற கொடிய நஞ்சாக ஆகிறது. போகிக்கு எரிக்கும் டயரில் கந்தகமும் கரித்துகளும். வீட்டுக்குள்ளும் பாருங்கள்: ஒரு கொசுவத்திச் சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் வந்த ஆய்வில் அளந்திருக்கிறார்கள். ஜன்னலுக்கு வலை அடியுங்கள்.

தெருமுனையில் தீ வைப்பது பெரும்பாலும் ஈரக் குப்பை நாறுவதால். அதை வீட்டிலேயே பிரித்தால் எரிக்கும் காரணமே பாதி போகும். அடியில் ஓட்டை போட்ட மண்பானையில் ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு ரெண்டு பங்கு காய்ந்த இலை அல்லது தென்னைநார்த் தூள், மூணு நாளுக்கு ஒருமுறை கிளறல். நாறினால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், இலையைக் கூட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பானை நனையாமல் ஓடு போட்டு மூடுங்கள்.

மஞ்சக்குப்பம்வாசி:
640-ஐத் திருத்திவிட்டேன். பிளேர் நட்டில் நுரை போட்டுப் பார்த்தேன், தடித்த குழாய்ப் பக்கம் சின்னக் குமிழி வருகிறது. கேஸ் போடச் சொல்லி இருந்ததை நிறுத்தி, முதலில் நைட்ரஜன் டெஸ்ட் கேட்டிருக்கிறேன்.