அம்மாவுடன் சிங்கப்பூர்: செலவை எங்கே குறைக்கலாம்?

கேள்வி: அடுத்த மாதம் அம்மாவை ஐந்து நாள் சிங்கப்பூர் அழைத்துப் போகிறேன். அவருக்கு முதல் விமானப் பயணம், சைவம் மட்டும்தான். தங்கும் இடம் போட்டாச்சு. வேறு எதில் காசு வீணாகும்?

பதில் 1: சாப்பாட்டுக்குத் தேக்கா சென்டர் என்கிற உணவுக்கடை வளாகத்துக்குப் போங்கள். லிட்டில் இந்தியா எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தண்ணீர் வாங்கவே வேண்டாம், அங்கே குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம்.

பதில் 2: கடையில் கார்டு கொடுத்தால், ரூபாயா சிங்கப்பூர் டாலரா என்று சில இயந்திரங்கள் கேட்கும். டாலரையே அழுத்துங்கள். ரூபாய் என்றால் கடைத் தரப்பில் வைத்த மாற்று விகிதம்தான், பெரும்பாலும் நமக்குக் காசு கூடப் போகும். நான் அம்மாவுக்குச் செருப்பு வாங்கும்போது அப்படித்தான் ஏமாந்தேன், இன்னும் மனசு ஆறவில்லை. அப்புறம், உங்கள் வங்கி வெளிநாட்டுச் செலவுக்கு எத்தனை சதவீதம் பிடிக்கிறது என்று கிளம்பும் முன்பே கேளுங்கள்.

கேட்டவர்: ரொம்ப நன்றி. அம்மா எவர்சில்வர் பாட்டிலை இப்போதே எடுத்து வைத்துவிட்டார்.