வேன்ல டீவி பார்க்க எந்த அன்டெனா நல்லது?

கொட்டகலை வேன்காரன்:
பழைய ஹைஏஸ் வேனைப் படுக்கை, அடுப்போட கேம்பரா மாத்தியிருக்கேன். உள்ளுக்கு ஒட்டுற சின்ன டிஜிட்டல் அன்டெனாதான் இருக்கு. நுவரெலியாவுல படம் வருது, ரம்பொட பள்ளத்துல வெறும் புள்ளி. டிஷ் வேணாம், மாசாமாசம் காசு கட்ட ஏலாது.

தலவாக்கலை ரேடியோ பாஸ்:
தம்பி, 'டிஜிட்டல்'ங்கிறது பெட்டியில அடிச்ச பேர்தான். இலங்கையில டிஜிட்டல் டீவிக்கு ஜப்பான் முறைன்னு 2014லயே முடிவெடுத்தாங்க, வேலை இழுபடுது. அதனால டீவியில அனலொக், அதாவது பழைய முறை சேர்ச் போடுங்க. அன்டெனா கம்பி சுமாரா அரை அலை நீளம் இருக்கணும்; வீஎச்எஃப்ங்கிற டீவி அலைவரிசையோட மேல்பட்டைக்கு அதுவே 65–85 சென்டிமீட்டர், உள்ளங்கை அளவு அட்டை எப்படி இழுக்கும்? வேனும் தகரப் பெட்டி. ஏணியில பைப் கட்டி யாகி அன்டெனாவை (மீன் முள்ளு மாதிரி கம்பி வச்சது) வெளியே ஏத்துங்க.

மஸ்கெலியா அக்கா:
சிக்னலைப் பெருக்குற பூஸ்டர் போட்டா அதை டீவிகிட்ட வைக்காதீங்க, அன்டெனா அடியிலேயே பூட்டுங்க. இல்லாட்டி வயர்ல சேர்ற இரைச்சலும் சேர்ந்து பெருகும். டீவி கோபுரம் இருக்கிற பிதுருதலாகலை மலை 2524 மீட்டர் உசரம்தான், ஆனா நடுவுல இன்னொரு மலை நின்னா பூஸ்டரும் சும்மா. வேனை ரோட்டு வளைவுக்கு மேல ஏத்தி நிறுத்துங்க.

கொட்டகலை வேன்காரன்:
சரிக்கா. 12 வோல்ட் ஃபோன் சார்ஜரைக் கழட்டினதுமே படத்துல வந்த குறுக்குக் கோடு போயிருச்சு! பைப் நாளைக்கு.