தோடர் பூத்துக்குளி சேகரிப்பு: பழையது வாங்கலாமா, மழைக்காலத்தில் எப்படி வைப்பது?

குன்னூர்_சேகரன்
வணக்கம். நீலகிரிப் பழங்குடிகளின் சடங்குப் பொருட்களைச் சேர்க்க ஆரம்பித்திருக்கிறேன். ஒரு வியாபாரி மூன்று பொருட்களைக் காட்டினார்: சாவுச் சடங்கில் போர்த்தியது என்று ஒரு பழைய பூத்துக்குளி (தோடர்களின் பூவேலைப் போர்வை), தோடர் கோயில் மணி, கோத்தர் கொம்பு. மூன்றுக்கும் பில் கிடையாதாம். இவற்றில் எது நம்பத்தக்கது? கைவேலையா மெஷின் வேலையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? குன்னூர் ஈரத்தில் பூசணம் பிடிக்காமல் வைக்க என்ன வழி?

ஊசிநூல்
துணியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தோடர் பெண்கள் துணிக்குச் சட்டம் (ஃப்ரேம்) மாட்டுவதில்லை, பென்சிலால் கோடு போடுவதும் இல்லை. பாவும் ஊடும் (நீள இழையும் குறுக்கு இழையும்) எண்ணித்தான் ஊசி போகும். அதனால் துணி எண்ணத் தக்க முரட்டு நெசவாக இருக்க வேண்டும். வழவழப்பான பாப்ளினில் இழை எண்ண முடியாது. அப்படிப்பட்ட துணியில் 'அசல்' என்று யாராவது நீட்டினால் அங்கேயே சந்தேகப்படலாம்.

அடுத்து, இரண்டு பக்கமும் பாருங்கள். கைவேலையில் இரு பக்கமும் ஒரே சிவப்பு, கறுப்பு நூல்தான். மெஷினில் அடியில் பாபின் நூல் தனியாக ஓடும், பெரும்பாலும் மெல்லிய வெள்ளை நூல். துணி சுருங்காமல் இருக்க வைத்துத் தைத்த தாளின் கிழிசல்கூட ஓரத்தில் ஒட்டியிருக்கும். அச்சடித்த துணியில் பின்பக்கம் வெளிறித் தெரியும். தோடர்களுக்குக் கரடுமுரடான பக்கம்தான் மேல்பக்கம். ஊசி திரும்பும்போது நூலை இழுத்து இறுக்காமல் கொஞ்சம் புடைக்க விடுவார்கள், விரலால் தடவினால் மேடு தட்டும். அதைப் 'பின்பக்கம்' என்று நினைத்து உள்ளே மடிப்பவர்கள் நிறையப் பேர்.

பிழைகளையும் கவனியுங்கள். கையில் ஒரு இழை தவறினால் அந்த வரி மட்டும் நகரும், அடுத்த சில வரிகளில் சரிக்கட்டியிருப்பார்கள். மெஷின் பிழை ஒவ்வொரு கட்டத்திலும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும்.

நூல் அக்ரிலிக் என்பதற்காகப் போலி என்று ஒதுக்க வேண்டாம், இன்று பல கைவேலைகளில் அதுதான். எது என்று தெரிய ஓரத்தில் தொங்கும் ஒரு துளி இழையைக் கொளுத்துங்கள்: கம்பளி தலைமுடி கருகும் வாசம் தரும், சாம்பல் பொடியும். அக்ரிலிக் உருகிக் கறுப்பாக, கெட்டியான மணிபோல நிற்கும்.

தோடர் எம்பிராய்டரிக்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மெஷின் துணியை அந்தப் பெயரில் விற்பது தவறு. ஆனால் சீட்டை மட்டும் நம்பி வாங்காமல் துணியைப் புரட்டிப் பாருங்கள்.

பைக்காரா_78
அந்த 'சாவுப் போர்வை' கதையை விட்டுவிடுங்கள் சார். தோடர்கள் இறந்தவரைப் பூத்துக்குளியில் சுற்றித்தான் தகனம் செய்வார்கள். உடலோடு போர்வையும் எரிந்துவிடும். சாவில் போர்த்தியது கடைக்கு வந்தது என்றால் ஒன்று பொய், இல்லையென்றால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது. இரண்டுக்கும் பணம் கொடுக்க வேண்டாம்.

மணி அதைவிட மோசம். பால் கோயிலுக்குள் (எருமைப் பாலைக் கடையும் தோடர் கோயில்) இருக்கும் பாத்திரமும் மணியும் பூசாரியாக இருக்கும் பால்காரரைத் தவிர யாரும் தொடாதவை. மந்தில் (தோடர் குடியிருப்பில்) இருப்பவர்களே எடுத்து விற்கும் பொருள் அல்ல. அசலாக இருந்தால் திருட்டு, திருட்டு இல்லையென்றால் சந்தையில் வாங்கிய மாட்டு மணி.

கொம்பு விஷயத்தில் சட்டச் சிக்கல் உண்டு. கோத்தர்கள் இப்போது ஊதுவது பித்தளைக் கொம்பு, முன்பு எருமைக் கொம்பு. வளர்ப்பு எருமைக் கொம்புக்குத் தடையில்லை. ஆனால் காட்டெருமைக் கொம்பு என்றால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 பாயும், வைத்திருப்பதே குற்றம். எருமைக் கொம்பு முழுக்கக் கறுப்பு, வெட்டுமுகம் முக்கோணம், குறுக்கே வரிவரியாக மேடு இருக்கும். காட்டெருமையினுடையது அடியில் மஞ்சளாகவும் நுனியில் கறுப்பாகவும் வழவழவென்று இருக்கும். பாலிஷ் போட்டிருந்தால் நிறத்தை நம்ப முடியாது. அப்போது வாங்காமல் இருப்பதே மேல்.

100 வருடத்துக்கு மேற்பட்ட பொருள் எதுவானாலும் 1972ம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தில் வரும். அதைத் தொழிலாக விற்பவருக்கு உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. 'நூறு வருசப் பழசு' என்று அடித்துச் சொல்பவரிடம் உரிமத்தைக் கேளுங்கள், பொருளின் வயது சட்டென்று குறைந்துவிடும்.

என் யோசனை: மந்தில் நேரடியாகப் புதிதாகத் தைக்கச் சொல்லுங்கள். இரட்டைத் துணி, பை வைத்த போர்வை என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சுற்றுலாப் பயணிகளுக்கான ஒற்றைச் சால்வைதான் வரும். அவசரப்படுத்தக் கூடாது, மாதக்கணக்கில் ஆகலாம். பழையவை பார்க்க முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது.

துணிக்காப்பு
ஈரப்பதமானி ஒன்று வாங்குங்கள், மற்றதெல்லாம் பிறகு. 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூசணம் வரும். 50–55ல் நிறுத்தப் பாருங்கள். குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய சோதனை, அக்டோபருக்கு முன்பே ஏற்பாடு முடிய வேண்டும். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். குளிர்ந்த சுவர் ஒட்டிய இரும்பு வியர்த்து, பின்பக்கத் துணிதான் முதலில் கெடும்.

50 லிட்டர் மூடிய டப்பாவுக்கு அரை கிலோ சிலிகா ஜெல், நிறம் மாறும் ரகம். ஆரஞ்சு பச்சையானால் 120 டிகிரி அடுப்பில் இரண்டு மூன்று மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம். துணியைத் தொடாதபடி தனிப் பையில் வையுங்கள்.

புதிதாக வந்த துணியை நேராகப் பீரோவில் சேர்க்காதீர்கள். பாலித்தீன் பையில் போட்டுக் காற்றை அமுக்கி வெளியேற்றி ஒட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் 24 மணி நேரம் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் நீர் துணியில்தான் கோக்கும். கம்பளி தின்னும் புழுவும் முட்டையும் இதில் சாகும். நீலகிரித் தைலம் தெளிப்பது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள வைத்தியம். புழு சாகாது, எண்ணெய்க் கறைதான் மிஞ்சும். நாப்தலின் உருண்டையோடு கற்பூரம் சேர்த்து வைப்பவர்களும் உண்டு. இரண்டும் சேர்ந்தால் உருகிக் கறை விடும்.

துவைக்க நினைத்தால் முதலில் சாயம் சோதியுங்கள். காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சைச் சிவப்பு நூலின் மேல் ஒரு நிமிடம் அழுத்துங்கள், கறுப்புக்குத் தனியாக. பஞ்சில் லேசாக நிறம் வந்தாலும் தண்ணீர் காட்டாதீர்கள்.

குன்னூர்_சேகரன்
மிக்க நன்றி. மணி, கொம்பு இரண்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். துணியை உருளையில் சுற்றி வைக்கச் சொல்கிறார்களே, மடிக்கவே கூடாதா?

துணிக்காப்பு
ஒற்றைச் சால்வைக்கு உருளை சரி. நான்கு அங்குலக் குழாய்மேல் துவைத்த மல்துணி சுற்றி, பூவேலை வெளிப்பக்கம் வரும்படி தளர்வாகச் சுற்றுங்கள். பூத்துக்குளி இரட்டைத் துணி. சுற்றினால் உள்துணி நழுவிச் சுருக்கம் விழும். அதனால் மடிப்பதே நல்லது. மடிப்பு குறைவாக, ஒவ்வொன்றின் உள்ளேயும் மல்துணியைத் திரித்து வைத்து, பூவேலையின் குறுக்கே மடிப்பு வராமல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பிடத்தை மாற்றுங்கள்.

ஊசிநூல்
பருத்தி நாடாவில் எண் எழுதி ஓரத்தில் இரண்டு தையல் போட்டுவிடுங்கள். ஸ்டிக்கர், ஸ்டேப்ளர் வேண்டாம். நோட்டில் அந்த எண்ணுக்கு எதிரே தைத்தவர் பெயர், மந்து, தேதி, விலை. தைத்தவர் சம்மதத்தோடு எழுதுங்கள்.