அம்மாச்சி வீடு: ஞாயிறு வளைகாப்புக்கு மீன்

பெரியம்மா: ஞாயிறு செல்விக்கு வளைகாப்பு. மீன் யார் கொண்டு வருகிறீர்கள்? தடைக்காலம், விலை கேட்டாலே மயக்கம் வருகிறது.

சின்ன மாமா: நாட்டுப்படகில் சொல்லி வைத்திருக்கிறேன். நகரையோ விளைமீனோ.

மண்டபம் சித்தி: அக்கா, மாசமாக இருப்பவள் மீன் சினை தின்றால் பிள்ளை ஊனமாகும் என்று ஒரு செய்தி சுற்றுகிறதே? கடலில் கெமிக்கலாம்.

செல்வி: சித்தி, நேற்றுத்தான் சினைப் பொரியல் சாப்பிட்டேன்

பெரியம்மா: ஏன்டி அவளைப் பயமுறுத்துகிறாய்

முத்து: அக்கா, பயப்படாதே, அந்தச் செய்தியில் இரண்டு விஷயத்தைக் குழப்பிவிட்டார்கள். கெமிக்கல் பட்டு ஊனமாவது மீனுடைய கரு. எங்கள் லேபில் ஜீப்ரா மீன் முட்டையை வைத்துப் பார்க்கிறோம், கண்ணாடி மாதிரி இருக்கும், 24 மணி நேரத்தில் இதயம் துடிப்பது தெரியும், இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். அதுவே எண்ணெய் கலந்த தண்ணீரில் கிடந்தால் இதயம் சரியாக மடங்காமல் நூல் போல நீண்டுவிடுகிறது, சுற்றிலும் நீர் கோத்துக் கொப்புளமாக வீங்குகிறது, சிலதுக்கு முதுகு வளைந்து போகிறது. துடிக்கிறது, ரத்தம்தான் ஓடவில்லை. முதல் தடவை பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. டயாக்சின், பிசிபி மாதிரி நச்சு கெமிக்கல் எல்லாம் தாய் மீனின் கொழுப்பில் தங்கி அங்கிருந்தே மஞ்சள் கருவுக்குள் போய்விடும். நீ தவிர்க்க வேண்டியது பெரிய சுறா, அதில் பாதரசம் சேரும். சாளை, நெத்திலி நல்லது. எதற்கும் நர்சம்மாவிடம் ஒரு வார்த்தை கேள்.

செல்வி: சரிடா

பெரியம்மா: சுறா வேண்டாம் என்றால் அம்மாச்சி சண்டைக்கு வருகிறார். பால்சுறா தராமல் பால் எப்படி ஊறும் என்கிறார்.

முத்து: அதை நேரில் பேசிக்கொள்கிறேன். மாமா, படகுத் துறையில் எஞ்சின் கழிவு ஆயிலை ஊற்றுவதை நிறுத்துங்கள்.

சின்ன மாமா: இவ்வளவு பெரிய கடலில் என் பத்து லிட்டரா? ஆலைக்காரனைக் கேள். அப்பா காலத்திலிருந்தே இப்படித்தான்.

மண்டபம் சித்தி: அப்பா காலத்தில் பாய்மரம். ஆயில் ஏது?

சின்ன மாமா: அந்தப் படகை யார் விற்கச் சொன்னது, அதையும் சொல்

பெரியம்மா: அதை இப்போது எடுக்காதீர்கள்

முத்து: ஆலையையும் கேட்கத்தான் வேண்டும் மாமா. ஆனால் 1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் தரைதட்டி எண்ணெய் கொட்டியது, சில வருடம் கழித்தும் அந்தப் பக்கத்து ஓடைகளில் சால்மன் முட்டைகள் வழக்கத்தைவிட அதிகமாகச் செத்தன. பெரிய மீன் விலகி ஓடும், முட்டை எங்கே ஓடும்? முரல் மீன் முட்டை கரையோரக் கடற்புல்லில்தான் ஒட்டிக் கிடக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் நாம் படகைக் கட்டிப் போடுவதே மீன் முட்டையிட்டுப் பெருகட்டும் என்றுதான். அதே 61 நாளில்தான் எஞ்சினைப் பிரித்து ஆயிலையும் அங்கேயே ஊற்றுகிறோம். மனது கேட்கவில்லை மாமா.

சின்ன மாமா: ம்

பெரியம்மா: வளையல் பத்து டஜன் போதுமா?

மண்டபம் சித்தி: பதினைந்து வாங்கு, தங்கச்சிமடத்தார் எல்லாரும் வருவார்கள்

சின்ன மாமா: முத்து, கொல்லையில் பழைய டீசல் பேரல் கிடக்கிறது. மூடி இல்லை.

முத்து: மூடி நான் தேடுகிறேன் மாமா. ராமநாதபுரத்தில் கழிவு ஆயில் யார் எடுப்பார்கள் என்றும் விசாரிக்கிறேன்.

சின்ன மாமா: ஞாயிறு வா, பார்ப்போம். பக்கத்துப் படகுக்காரர்கள் ஒத்துக்கொள்ள வேண்டுமே.

பெரியம்மா: மீன் எத்தனை கிலோ?